திரும்ப எடுத்துப் போகிறவர்கள்

தேவனாம்பட்டினம், கடலூர்
6-10-2024

அன்புள்ள மாமாவுக்கு,

லூசி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

போன் வேண்டாம், எழுதுங்கள் என்று நான் சொன்னதற்குக் கோபப்பட வேண்டாம். போனில் நான் ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று கேட்க, கடைசியில் யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். இந்த ஒரு மாதமாக அதுதானே நடந்தது. எழுதினால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் முழுதாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தங்குவதற்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, கருவாட்டு வாசனை மட்டும் வரும். வேலை கடற்கரைக் குப்பையைப் பற்றிய கணக்கெடுப்பு, அலைச்சல்தான். மதியத்துக்கு மேல் கடற்கரைக்குப் போய், வருகிறவர்களிடம் கேள்வி கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தின்ற கவரையும் குடித்த பாட்டிலையும் மணலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். சிலர் மட்டும் கொண்டுவந்ததைத் திரும்பக் கையோடு எடுத்துப் போகிறார்கள். அந்தச் சிலரை நிறுத்தி, ஏன் எடுத்துப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் காரணம் தெரிந்துவிட்டால் மற்றவர்களையும் அப்படிச் செய்ய வைத்துவிடலாம் என்று எங்கள் மேடம் அருள்மொழி சொல்கிறார்.

முதல் நாள் ஓர் அம்மாவை நிறுத்திக் கேட்டேன். கையில் காலி பாட்டில் வைத்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாம்மா, எடுத்துக்கினு போவக் கூடாதா? எனக்குத் தெரியாது கண்ணு" என்று பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு நடந்துவிட்டார். நானே எடுத்துத் தொட்டியில் போட்டேன். அன்றைக்கு என் கணக்கு அவ்வளவுதான்.

சுகர் மாத்திரை பிரிட்ஜுக்கு மேலே நீல டப்பாவில் இருக்கிறது. சாப்பிடுவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு அல்ல. கடைக்குப் போகும்போது பின்கதவைப் பாருங்கள், குரங்கு வரும்.

உங்கள்
லூசி


கரியாலூர்
20-10-2024

அன்பு மனைவி லூசிக்கு,

அமல் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் ராமசாமி என் கடைக்கே வந்து கொடுத்தார். எனக்குத் தபால் வந்து எத்தனை வருடமாகிறது. பக்கத்துக் கடை சின்னராசு எட்டிப் பார்த்து, "இன்னாண்ணே, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். டிரெய்னிங் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சின்னசேலத்திலிருந்து உன் அண்ணன் வந்திருந்தார். "இன்னா மச்சான் பிரச்சனை?" என்றார். என்ன பிரச்சனை என்று எனக்கே தெரியவில்லையே, அவருக்கு என்ன சொல்வது? நான் குடிக்கிறேனா? உன் மேல் கை நீட்டியிருக்கிறேனா? வேறு யாரையாவது ஏறெடுத்துப் பார்த்திருக்கிறேனா? அம்மா கண்ணை மூடி நாலு மாதம் ஆகவில்லை, நீயும் கிளம்பிவிட்டாய். இந்த வீட்டில் ராத்திரி பேச்சுச் சத்தமே இல்லை.

உன் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். காரணம் கேட்பதற்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்களா? என்னைக் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பேன். போடுகிறவன் போடுவான், எடுக்கிறவன் எடுப்பான். இங்கே அருவிக்குச் சேலத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை வேன் வேனாக வருகிறார்கள். அவர்கள் போன பிறகு பாறை தெரியாது, கப்தான் தெரியும். பாதி என் கடையில் வாங்கியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. நான் விற்காவிட்டால் சின்னராசு விற்பான்.

கேஸ் புத்தகம் எங்கே? ரேஷன் கார்டு எங்கே? சாம்பாரில் புளி முதலில் போடுவதா, பருப்பு முதலில் போடுவதா? மாத்திரை போடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அமல்


தேவனாம்பட்டினம்
17-11-2024

அன்புள்ள மாமாவுக்கு,

கேஸ் புத்தகமும் ரேஷன் கார்டும் பீரோவில் நடுத்தட்டில், அத்தையின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளுக்கு அடியில் இருக்கின்றன. பருப்பு வெந்த பிறகு புளி. முன்னால் ஊற்றினால் பருப்பு வேகாது.

இங்கே மழை. மழை இல்லாத நாட்களில் கூட்டம். இத்தனை நாளில் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். நின்று நின்று கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. கேட்டதில் சிலதை உங்களுக்கு எழுதுகிறேன், சிரிப்பீர்கள்.

ஒருவர் பாண்டிச்சேரிக்காரர், நன்றாகப் பேசினார். "ஆமை சாவுதுங்க, மீனு சாவுது. நம்ம புள்ளைங்களுக்கு இன்னாத்த வுட்டுட்டுப் போவப் போறோம்?" என்றார். கண் கலங்கியது அவருக்கு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார். டீ குடித்த கப் மணலில் அவர் வைத்த இடத்தில் அப்படியே நின்றது.

திருநாவலூரிலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம். அந்த அக்கா கவர், பாட்டில், ஸ்பூன் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "கேக்கற கேள்வியப் பாரு! எவர்சில்வர் டப்பாம்மா இது, எங்கம்மா வூட்டு சீரு. இத்தக் கடல்ல வுட்டுட்டா போவாங்க?" என்றார். டப்பா சரி, கவரையும் எடுக்கிறீர்களே என்றேன். "காலி டப்பா தானே, அதுக்குள்ளயே திணிச்சிக்கினேன். இதுக்குன்னு தனியா யாரு நடப்பாங்க?" என்றார். என்னிடம் இருக்கும் தாளில் கடல் மேல் அக்கறை, சட்டத்துக்குப் பயம், பிள்ளைகளுக்காக என்றெல்லாம் கட்டம் இருக்கிறது. எவர்சில்வர் டப்பாவுக்குக் கட்டம் இல்லை. அருள்மொழி மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டு ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

விட்டுவிட்டுப் போகிறவர்களிடம் நானாகவே ஒன்று கேட்கிறேன். இதை யார் எடுப்பார்கள் என்று. கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி, "அதுக்குதான் ஆளுங்க இருக்காங்களேக்கா" என்றாள். திமிராகச் சொல்லவில்லை. காலையில் சூரியன் வரும் என்பதுபோலச் சொன்னாள்.

ஆள் இருக்கிறார்தான். செல்லியம்மாள் என்று பெயர். யாரும் வருவதற்கு முன் விடியற்காலையில் பெருக்கிவிட்டுப் போய்விடுவார். போன வாரம் ஏதோ காரணத்தால் அவரைச் சாயங்காலம் வரச் சொன்னார்கள். கூட்டத்துக்கு நடுவே குனிந்து எடுத்துக்கொண்டே போனார். ஒருவரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் போகிற வழியில் இருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். சிலர் தங்களுடையதைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். சிலர் காலை மட்டும் மடக்கிக்கொண்டார்கள்.

நீங்கள் குடிக்கவில்லை. கை நீட்டவில்லை. யார் கேட்டாலும் நான் அதைச் சொல்வேன். அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள்
லூசி


கரியாலூர்
15-12-2024

அன்புள்ள லூசிக்கு,

புயல் கடலூரைத்தான் அடித்தது என்று டிவியில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீ பத்திரம் என்று உன் அண்ணன் சொன்ன பிறகுதான் சாப்பிட்டேன். மலையிலும் மரம் விழுந்து ரெண்டு நாள் பஸ் இல்லை.

ஒரு சந்தோஷமான சமாச்சாரம். உன் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. கடை முன்னால் ஒரு பெரிய டிரம் வாங்கி வைத்தேன். "குப்பையை இதில் போடவும்" என்று பெயிண்டில் எழுதினேன். ஜனங்கள் போட்டார்கள், நீ நம்ப மாட்டாய். நாலாம் நாள் டிரம் நிரம்பியது. குரங்குகள் வந்து கவிழ்த்துவிட்டன. முன்னால் பாறையில் மட்டும் கிடந்த குப்பை இப்போது ரோட்டிலும் கிடந்தது. சின்னராசு அன்றைக்கெல்லாம் சிரித்தான்.

அதனால் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். எதிர்ச்சாரியில் இருக்கும் செவ்வந்தியைத் தெரியும் அல்லவா, அவளை வேலைக்கு வைத்துவிட்டேன். காலையில் அருவிப் பக்கம் போய் எல்லாவற்றையும் பொறுக்கி, டிரம்மைக் காலி செய்துவிடுவாள். பிறகு நம் வீட்டுக்கு வந்து பெருக்கி, பாத்திரம் கழுவி, துணியும் துவைத்துவிடுவாள். கெட்டிக்காரி. அருவியும் சுத்தம், வீடும் சுத்தம். நீ வந்தால் உனக்கு ஒரு வேலையும் இருக்காது. ராணி மாதிரி உட்காரலாம்.

தப்பாக நினைக்காதே, அவள் வரும்போது நான் கடையில் இருப்பேன். எனக்கு அவள் தங்கை மாதிரி.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. குடிலுக்கு வைக்கோல் எடுத்து வைத்திருக்கிறேன். பங்குச் சாமியாரும் கேட்டார்.

உன்
அமல்


தேவனாம்பட்டினம்
22-12-2024

அன்புள்ள மாமாவுக்கு,

செவ்வந்தியைப் பற்றி நான் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. அவள் நல்ல பெண். நீங்களும் அப்படிப்பட்டவர் இல்லை. என் மனதில் வந்தது வேறு. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

அத்தைக்கு முப்பதாம் நாள் பூசை நடந்ததே, அன்று நம் வாசலில் பந்தல் போட்டிருந்தோம். பிரியாணி போட்டோம். உங்கள் பக்கம், என் பக்கம், பங்கு மக்கள் என்று எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். சாயங்காலம் வேன் வேனாகக் கிளம்பிப் போனார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாசல் முழுக்க பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட், சாப்பிட்ட தட்டு. தூறல் விழுந்து கப்புகளில் தண்ணீர் நின்றது.

நான் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு தொடங்கினேன். அத்தை படுத்த மூன்று வருடத்தில் நான் செய்யாதது இல்லை. பீத்துணி அலசினேன், புண்ணுக்கு மருந்து வைத்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை, என் சொந்த அத்தை அவர். ஆனால் அன்றைக்கு இடுப்பு நிமிரவில்லை. பாதி வாசலைப் பெருக்கிவிட்டேன். நீங்கள் உள்ளேயிருந்து வந்தீர்கள். ஒரு கப் உங்கள் காலில் மிதிபட்டுப் படக்கென்று உடைந்தது. காலை உதறிவிட்டு, "லூசி, டீ இருக்கா? தல வலிக்குது" என்றீர்கள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு போய் டீ போட்டுக் கொண்டுவந்தேன். எல்லாத் தம்ளரும் எச்சிலாகக் கிடந்ததால் ஒரு கப்பில்தான் ஊற்றிக் கொடுத்தேன். நீங்கள் நின்றுகொண்டே குடித்தீர்கள். குடித்த கப்பை, நான் பெருக்கி முடித்திருந்த இடத்தில் கீழே வைத்துவிட்டுப் படுக்கப் போனீர்கள்.

கோபத்தில் வைக்கவில்லை. வேண்டுமென்றும் வைக்கவில்லை. அங்கே நான் இருந்தேன், அதனால் வைத்தீர்கள்.

அந்தக் கப்பை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

இங்கே வந்து எல்லோரிடமும் ஏன் எடுத்துப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அருவியைச் சுத்தம் செய்திருக்கிறேன் என்று சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். படித்தேன். குனிவதற்கு இன்னொரு பெண்ணைப் பிடித்திருக்கிறீர்கள். அவ்வளவுதான் மாமா நடந்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. பண்டிகைக் கூட்டம், விடுப்பு இல்லை. இருந்தாலும் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. பிறப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

உங்கள்
லூசி


கரியாலூர்
2-2-2025

லூசிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினேன். காரமாக எழுதினேன். ஒரு கப்புக்கா இவ்வளவு என்று எழுதினேன். அனுப்பவில்லை. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அதனால்தான் தாமதம்.

பொங்கலுக்கு முன்னால் செவ்வந்தி நின்றுவிட்டாள். "எங்க வூட்லயும் பொங்கல் வருதில்லண்ணே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கூட்டம் வருகிற நேரத்தில் இப்படிச் செய்கிறாளே என்று. பிறகுதான் தோன்றியது, அவள் வீட்டில் யார் பெருக்குகிறார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

காணும் பொங்கல் அன்று அருவியில் நிற்க இடம் இல்லை. மதியத்துக்குள் பாறையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. வனத்துறையிலிருந்து வந்து சத்தம் போட்டார்கள், கடைக்காரர்கள்தான் பொறுப்பு என்றார்கள். சின்னராசு கடையை மூடிக்கொண்டு போய்விட்டான். நான் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் ஒரு குடும்பம். நான் குனிந்ததும் அந்த வீட்டுக்காரர், "ஏம்ப்பா, அந்தாண்டயும் கொஞ்சம் கெடக்குது பாரு" என்றார். காலையில் என்னிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு, "இன்னா ஓனரே, வெல ஜாஸ்தியா இருக்குது?" என்று பேரம் பேசியவர் அவர்தான். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சாக்கு கையில் இருந்ததால் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து ஒரு பையன், கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் போனதும், பேச்சை நிறுத்தாமல், என்னைத் திரும்பியும் பார்க்காமல், கையில் இருந்த ஜூஸ் கப்பைச் சாக்குக்குள் போட்டான். பாதி ஜூஸ் இருந்தது. என் கையெல்லாம் வழிந்தது.

அவன் ஒன்றும் தவறு செய்யவில்லை. கீழே போடாமல் சாக்கில்தானே போட்டான். ஆனால் நான் அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு வயதான மனிதர் தன் வீட்டு அம்மாவிடம், "நம்முள்த நாமளே எடுத்துக்கலாம் வா, அந்தாளு பாவம் மூச்சு வாங்கறான்" என்று எழுந்தார். அவர்களைப் பார்த்து இன்னும் ரெண்டு மூன்று பேர் எழுந்தார்கள். உன் தாளில் எழுதிக்கொள். பயமும் இல்லை, ஆமையும் இல்லை. எனக்கு மூச்சு வாங்கியது, அதனால் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். முப்பதாம் நாள் சாயங்காலம் நீ என்ன புடவை கட்டியிருந்தாய்? நினைவுக்கு வரவே இல்லை. அழுதிருந்தாயா, களைத்திருந்தாயா, உன் முகம் எப்படி இருந்தது, எதுவும் இல்லை. டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாய். அது நினைவிருக்கிறது.

அமல்


கரியாலூர்
9-3-2025

அன்புள்ள லூசிக்கு,

பதில் வரவில்லை. ராமசாமியைத் தினமும் கேட்கிறேன். அவர் என்னைக் கண்டாலே சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார். நீ எழுதித்தான் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உடம்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் சொல். சாம்பல் புதன் பூசையில் உன் இடத்தைப் பார்த்தேன், வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

கடையில் பிளாஸ்டிக் கப் விற்பதை நிறுத்திவிட்டேன். கண்ணாடித் தம்ளரில் டீ கொடுக்கிறேன். நின்று குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும், எடுத்துப் போக முடியாது. அதனால் பாதிப் பேர் சின்னராசு கடைக்குப் போகிறார்கள். வியாபாரம் கம்மிதான். தம்ளரை நானே கழுவுகிறேன். ஞாயிறு சாயங்காலம் சாக்கை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போகிறேன். கூட்டம் இருக்கும்போதே போகிறேன், நீ சொன்ன செல்லியம்மாள் மாதிரி. சில ஞாயிறு பலிக்கிறது. போன ஞாயிறு ஒருவன்கூட எழுந்திருக்கவில்லை. நானே பொறுக்கினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். கை எட்டாத இடத்தில் யார் தேய்ப்பது?

வீட்டு வேலைக்கு ஆள் வைக்கவில்லை. நானே பார்த்துக்கொள்கிறேன். பெருமைக்காக எழுதவில்லை. சமையல் இன்னும் வாயில் வைக்கிற மாதிரி இல்லை.

குருத்தோலை ஞாயிறுக்காவது வந்தால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். இல்லாவிட்டால் நான் அங்கே வரட்டுமா? நீ சரி என்று சொன்னால்தான் வருவேன்.

உன்
அமல்


தேவனாம்பட்டினம்
6-4-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. உடம்பு சரியாக இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அதனால்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. அறிக்கை போய்விட்டது. அருவியில் நடந்ததை, ஊரும் பேரும் சொல்லாமல், அருள்மொழி மேடத்திடம் சொன்னேன். அவர் அதையும் சேர்த்துக்கொண்டார். எடுக்கிறவரைக் கண்ணால் பார்த்தால் சிலருக்குக் கீழே போடக் கை வரவில்லை, பக்கத்தில் ஒருவர் எடுத்தால் இன்னொருவரும் எடுக்கிறார், கையில் பை இருந்தால் சுலபம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எல்லாம் உண்மைதான். இனி செல்லியம்மாளைச் சாயங்காலமும் வரச் சொல்லப்போகிறார்கள். அதற்கு அவர், "அப்ப காலையில வர்ற வேல கம்மியாவுமா, இல்ல ரெண்டு வேளையுமா?" என்று கேட்டார்.

போன ஞாயிறு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து கரையைத் துடைத்தமாதிரி ஆக்கிவிட்டுப் போனார்கள். ஒரு கவர் இல்லை. செல்லியம்மாள் வந்தார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வழக்கம்போலக் குனிந்துகொண்டே நடந்தார். இரண்டு இடத்தில் கையை நீட்டி எடுத்தார். சிப்பி. "ஒண்ணும் இல்லியேம்மா, நிமிந்து நடங்களேன்" என்றேன். "நிமிந்தா வலிக்குது கண்ணு, இப்டியே பழகிப்போச்சு" என்றார்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். போன மாதம் இருபதாம் தேதி நான் கரியாலூர் வந்திருந்தேன்.

உங்களிடம் சொல்லவில்லை. உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். பிறகு விடியற்காலையில் பஸ் ஏறிவிட்டேன். திரும்பி வந்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் ஏறினேன். பையில் துணியெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தேன். கள்ளக்குறிச்சியில் மாறி, மலைப் பஸ் ஏறி, மதியம் வந்து இறங்கினேன். நீங்கள் கடையில் இருப்பீர்கள் என்று தெரியும். வீட்டைப் பார்த்துவிட்டு அங்கே வரலாம் என்று நினைத்தேன்.

வாசல் சுத்தமாக இருந்தது. சாவி நிலைக்கு மேலேயே இருந்தது, திறந்தேன். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுப்பு துடைத்திருந்தது. அத்தை படத்துக்குப் பூ வைத்திருந்தீர்கள். நீங்கள் எழுதியது ஒன்றும் பொய் இல்லை, கம்மியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அழுகை வந்தது.

பின்கட்டுக்குப் போனேன். கொடியில் உங்கள் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. காலர் அழுக்குப் போகத் தேய்த்துத் துவைத்திருந்தீர்கள். வெள்ளிமலைப் பக்கம் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. நான் சட்டைகளை எடுத்தேன். ஒவ்வொன்றாக மடித்தேன். கட்டிலின் மேல் அடுக்கினேன். ஒரு சட்டையில் பொத்தான் தொங்கியது, ஊசி நூலை எடுத்து அதையும் தைத்தேன். அடுத்து மாலைக்குச் சோறு வைக்கலாம் என்று அரிசியை அளந்து முறத்தில் கொட்டினேன். அப்போதுதான் கவனித்தேன். தோளில் மாட்டியிருந்த பையை நான் இன்னும் இறக்கவே இல்லை. வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நீங்கள் அங்கே இல்லவே இல்லை. நீங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுத்தான் போயிருந்தீர்கள். என் கை அதுவாகப் போயிற்று மாமா.

அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன். கதவைப் பூட்டிச் சாவியை வைத்தேன். எதிரே செவ்வந்தி நின்றிருந்தாள். "இன்னாக்கா, வந்துட்டியா?" என்று ஓடி வந்தாள். "இல்ல செவ்வந்தி, போறேன். அவருகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றேன். அவள் பஸ் வரும்வரை என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தாள். மழை கொட்டியது. கீழே வரும்வரை ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை.

மடித்திருந்த சட்டைகளைப் பார்த்து யார் வந்தது என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். செவ்வந்தியிடம் கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். நான் வந்தேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் மாறவில்லை என்று நான் எப்போதும் சொல்ல மாட்டேன். மாறிவிட்டீர்கள். ஒரு மனிதர் எதனால் மாறுகிறார் என்று ஆறு மாதமாகக் கேட்டவள் நான், எனக்குத் தெரியும் அது எவ்வளவு கஷ்டம் என்று. கொஞ்சம் முன்னால் மாறியிருந்தால் என்று நினைத்தேன். அதையும் இப்போது நினைப்பதில்லை. உங்கள் மேல் கோபம் துளியும் இல்லை. களைப்புதான். தூங்கினால் போகும் என்று நினைத்த களைப்பு, போகவில்லை. அந்த வீட்டுக்கு நான் எப்போது வந்தாலும் முதலில் வேலையைத் தேடி என் கைதான் உள்ளே வரும். அதற்குப் பிறகு நான் வருவேனா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மரக்காணம் பக்கம் அடுத்த வேலைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். வரும் திங்கள் கிளம்புகிறேன். அண்ணனுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் யாரிடமும் தலைகுனிய வேண்டாம். என் பீரோச் சாவியை அண்ணன் வந்தால் கொடுத்துவிடுங்கள்.

மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் காட்டுங்கள். தைலத்தை ஒரு துண்டின் நடுவில் தடவி, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு முதுகில் இழுத்துத் தேய்த்தால் கை எட்டாத இடமும் எட்டும். இங்கே நான் அப்படித்தான் தேய்த்துக்கொள்கிறேன்.

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

லூசி